எஸ்.எல்.பி-76 புரதத்தை இரத்தச் செல்களில் ஒளிர் எதிர்ப்பொருள் கொண்டு அளத்தல்: ஏற்காட்டு மாதிரிகள் குறித்துச் சில ஐயங்கள்

கேள்வி: அஸ்தம்பட்டி ஆய்வு மாணவி

மூத்தோருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். சேலத்தில் நோயெதிர்ப்பியல் துறையில் ஆய்வு செய்து வருகிறேன். ஏற்காட்டைச் சுற்றியுள்ள சேர்வராயன் மலைக் கிராமங்களில் வாழும் முதியவர்களின் டி செல்கள் (நோயெதிர்ப்புக்குரிய ஒருவகை வெள்ளணுக்கள்), தூண்டுதல் வரும்போது இளையவர்களின் டி செல்களைப் போலவே விரைந்து செயல்படுகின்றனவா என்பதே என் ஆய்வுப் பொருள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் பங்கேற்போரின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் பெற்றிருக்கிறோம்.

டி செல்லின் ஏற்பி தூண்டப்பட்டதும் முதலில் எல்.சி.கே, அதைத் தொடர்ந்து ஜாப்-70 ஆகிய கைனேஸ்கள், அதாவது பாஸ்பேட்டை ஏற்றும் நொதிகள், இயங்குகின்றன. ஜாப்-70, செல் சவ்வில் ஊன்றி நிற்கும் எல்.ஏ.டி புரதத்தின் மீதும், சைட்டோபிளாசத்தில் இருக்கும் எஸ்.எல்.பி-76 மீதும் டைரோசின் இடங்களில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. இவை இரண்டும் நொதிகள் அல்ல. மற்ற புரதங்கள் வந்து கூடுவதற்கு இடம் தருகின்ற அடாப்டர் புரதங்கள். இவற்றைக் காட்ஸ் என்னும் மற்றொரு அடாப்டர் சேர்த்துக் கட்டுகிறது. இந்தக் கூட்டமைப்பு உருவானால்தான் பாஸ்போலைப்பேஸ் சி காமா-1 இயங்கி, செல்லுக்குள் கால்சியம் உயரும். ஆகையால் எஸ்.எல்.பி-76 மீது பாஸ்பேட் ஏறுவதை அளந்தால், சமிக்ஞை தொடக்கத்திலேயே மந்தமாகிறதா, பின்னர் மந்தமாகிறதா என்று பிரித்தறியலாம் என நினைத்தேன்.

எங்களிடம் உள்ள ஃப்ளோ சைட்டோமீட்டரில் (செல்களை ஒவ்வொன்றாக லேசர் வழியே ஓட்டி ஒளியை அளக்கும் இயந்திரம்) 488 நானோமீட்டர் நீல லேசரும் 640 நானோமீட்டர் சிவப்பு லேசரும் மட்டுமே உண்டு. எஸ்.எல்.பி-76 மொத்தமாக எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் எதிர்ப்பொருள் ஒன்றையும், 128-ஆம் டைரோசினில் பாஸ்பேட் ஏறியிருந்தால் மட்டும் பற்றுகின்ற எதிர்ப்பொருள் ஒன்றையும் வாங்கியிருக்கிறோம். பின்னதில் அலெக்சா ஃப்ளோர் 488 சாயம் பிணைந்துள்ளது. ஏற்காட்டில், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் குழாய்களில் இரத்தம் எடுத்து, பனிக்கட்டி வைத்த பெட்டியில் மலைப்பாதை வழியாகச் சேலத்துக்குக் கொண்டுவந்து, ஆய்வகத்தில் 37 டிகிரியில், டி செல் ஏற்பியோடு இணைந்திருக்கும் சி.டி.3-க்கு எதிரான எதிர்ப்பொருளைச் சேர்த்து 15 நிமிடம் தூண்டிய பிறகு ஃபார்மால்டிஹைடில் நிலைநிறுத்துகிறோம்.

மூன்று செய்திகள் எனக்கு விளங்கவில்லை. முதலாவது, மொத்த எஸ்.எல்.பி-76-ஐ, எதிர்ப்பொருள் உள்ளே செல்லச் சவ்வில் வழி உண்டாக்கும் சப்போனின் முறையில் பார்க்கும்போது டி செல்களும் மோனோசைட்டுகளும் நன்றாக ஒளிர்கின்றன. பி செல்கள் பெரும்பாலும் இருண்டே இருக்கின்றன. ஆனால் பி செல்களில் ஒரு சிறு பகுதி மட்டும் தெளிவாக ஒளிர்கிறது. பி செல்லில் இந்தப் புரதம் இருக்கக் கூடாது அல்லவா? இரண்டாவது, பாஸ்பேட் ஏறிய வடிவத்தை மெத்தனால் முறையில் பார்க்கும்போது, தூண்டிய குழாயின் வரைபடமும் தூண்டாத குழாயின் வரைபடமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடுகின்றன. மூன்றாவது, பி செல்லின் அடையாளமான சி.டி.19-க்கு மெத்தனாலுக்கு முன்பே இட்ட பி.இ என்னும் ஒளிர் நிறம் மெத்தனாலுக்குப் பிறகு ஏறத்தாழ முற்றிலும் மறைந்துவிடுகிறது. எதிர்ப்பொருளை மாற்ற வேண்டுமா, முறையை மாற்ற வேண்டுமா என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1: சூரமங்கலம் சைட்டோமெட்ரி

வணக்கம். நான் பல ஆண்டுகளாக ஃப்ளோ சைட்டோமீட்டர் இயக்குபவன். உங்கள் இரண்டாவது ஐயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்; அதுவே உங்கள் ஆய்வின் உயிர்நாடி.

பதினைந்து நிமிடம் என்பது இந்தப் புரதத்துக்கு மிக நீண்ட காலம். டி செல் ஏற்பிக்கு மிக அருகில் நிகழும் பாஸ்பேட் ஏற்றம் முதல் சில நிமிடங்களிலேயே உச்சத்தை அடைந்து, பாஸ்பேட்டை நீக்கும் நொதிகளான பாஸ்பட்டேஸ்களால் விரைவாக இறங்கிவிடுகிறது. எர்க் போன்று கீழ்நிலையில் உள்ள கைனேஸ்களை அளப்பவர்கள் ஐந்து, பத்து, பதினைந்து நிமிடம் என்று காத்திருக்கலாம். எல்.ஏ.டி, எஸ்.எல்.பி-76 ஆகியவற்றுக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் எனத் தனித்தனிக் குழாய்கள் வைத்து, உங்கள் கைமுறையில் உச்சம் எங்கே வருகிறது என்று முதலில் கண்டறிய வேண்டும். ஒரே ஒரு நேரப்புள்ளியை வைத்துக்கொண்டு முதியவர், இளையவர் என்று ஒப்பிட்டால், ஒருவரிடம் உச்சம் தாழ்ந்திருக்கிறதா, அல்லது உச்சம் முன்னதாகவே வந்து போய்விட்டதா என்று சொல்ல இயலாது. உங்கள் கேள்வியே விரைவைப் பற்றியது என்பதால் இதில் எந்தச் சமரசமும் கூடாது.

அடுத்தது, தூண்டுதலின் வலிமை. சி.டி.3-க்கு எதிரான எதிர்ப்பொருளை முழு இரத்தத்தில் தனியாகச் சேர்த்தால் அது ஏற்பிகளைப் போதிய அளவு கொத்தாகச் சேர்ப்பதில்லை. அதன்மேல் பிணைந்து அவற்றை ஒன்றுகூட்ட இரண்டாவது மூலக்கூறு வேண்டும். பலர் ஆட்டின் எதிர்ப்பொருளை, அதாவது எலி எதிர்ப்பொருளைப் பற்றுகின்ற வகையை, இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அதில் ஓர் இடர் உண்டு. ஆட்டு எதிர்ப்பொருளின் ஒரு கை காலியாக இருந்தால், பின்னால் நீங்கள் இடப்போகும் நிறமேற்றிய எலி எதிர்ப்பொருள் எதுவாயினும் அதைப் பிடித்துக்கொள்ளும். அப்போது தூண்டிய குழாயில் மட்டும் எல்லா நிறமும் உயர்ந்து, பார்ப்பதற்கு அருமையான முடிவைப் போலத் தோன்றும். பயோட்டின் பிணைத்த சி.டி.3 எதிர்ப்பொருளை இட்டு அவிடினால் இணைப்பது இதைவிடத் தூய வழி. ஆட்டு எதிர்ப்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், நிறமிடுவதற்கு முன் எலிச் சீரம் சேர்த்து அந்தக் காலி இடங்களை அடைத்துவிடுங்கள்.

தூண்டுவதற்குச் சி.டி.3 எதிர்ப்பொருளின் ஓ.கே.டி.3 என்னும் வகையை (குளோனை) பயன்படுத்திவிட்டு, டி செல்லை அடையாளம் காண யூ.சி.எச்.டி.1 குளோனை இட்டாலும் சிக்கல்தான். இரண்டும் சி.டி.3-இல் ஏறத்தாழ ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. போதாக்குறைக்கு, தூண்டப்பட்ட ஏற்பி செல்லுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. தூண்டிய குழாயில் சி.டி.4 போன்ற வேறோர் அடையாளத்தை வைத்து டி செல்லைத் தேர்வு செய்வதே நல்லது. மோனோசைட்டிலும் சி.டி.4 குறைவாக இருப்பதால், செல்லின் உள்ளமைப்பைக் காட்டும் பக்கச் சிதறல் ஒளியைக் கொண்டு அவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

இனி, முறை ஒழுங்காக இயங்குகிறது என்பதற்கான சான்று. பாஸ்பட்டேஸ்களை முடக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்த்து நேர்நிலைக் கட்டுப்பாடு வைப்பது வழக்கம். ஆனால் முழு இரத்தத்தில் சிவப்பணுக்களின் கேட்டலேஸ் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிதைத்துவிடும். அங்கே பெர்வனடேட்தான் நம்பத்தக்கது. அல்லது லிம்போசைட்டுகளைப் பிரித்தெடுத்த பின் பெராக்சைடு இடலாம். எதிர்ப்பக்கத்தில், எல்.சி.கே-வை மிகக் குறைந்த செறிவிலேயே தடுக்கும் டசாட்டினிபை முன்கூட்டி இட்ட குழாய் ஒன்றும் இருக்க வேண்டும். அந்தக் குழாயிலும் ஒளி உயர்ந்தால் நீங்கள் காண்பது பாஸ்பேட் அல்ல.

பதில் 2: ஃபேர்லேண்ட்ஸ் நோய்க்குறியியல்

மாணவியின் முதல் ஐயம் என்னை மிகவும் ஈர்த்தது. பலர் அந்தச் சிறு பகுதியைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள். அதைக் கேள்வியாக எழுப்பியதற்காக மகிழ்கிறேன், அம்மா.

நீங்கள் சொல்வது சரியே. முதிர்ந்த பி செல்லில் எஸ்.எல்.பி-76-இன் வேலையைச் செய்வது அதன் உறவுப் புரதமான பி.எல்.என்.கே, அதற்கு எஸ்.எல்.பி-65 என்றும் பெயர் உண்டு. அங்கே ஜாப்-70-க்குப் பதிலாக சிக் என்னும் கைனேஸ் அதன்மீது பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பி.எல்.என்.கே இல்லாமல் பிறந்த மனிதருக்குப் பி செல்களே உருவாவதில்லை என்பது 1999-இல் வெளியானது. ஆகவே உங்கள் குழாயில் இருக்கும் பி செல்கள், மொத்த எஸ்.எல்.பி-76 எதிர்ப்பொருளுக்கு இயற்கையே தந்த எதிர்நிலைக் கட்டுப்பாடு. அது ஒளிரக் கூடாது.

அப்படியானால் ஒளிர்வது எது? தட்டணுக்களைச் சந்தேகியுங்கள். எஸ்.எல்.பி-76-ஐ லிம்போசைட்டுக்குரிய புரதம் என்று மட்டும் நினைப்பது வழக்கமாகிவிட்டது. தட்டணுவில் அது நிறைய இருக்கிறது, எல்.ஏ.டி-யும் இருக்கிறது. இரத்தக் குழாய்ச் சுவர் கிழிந்து கொலாஜன் வெளிப்படும்போது, தட்டணுவின் ஜி.பி.6 என்னும் ஏற்பி அதைப் பற்றி, சிக் கைனேஸின் வழியாக இதே எல்.ஏ.டி, எஸ்.எல்.பி-76 கூட்டமைப்பைக் கட்டி, பாஸ்போலைப்பேஸ் சி காமா-2-ஐ இயக்குகிறது. டி செல்லில் நோயெதிர்ப்புக்காகப் பயன்படும் அதே கருவி, தட்டணுவில் இரத்தம் உறைவதற்குப் பயன்படுகிறது. எஸ்.எல்.பி-76 மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு டி செல்கள் உருவாகாமல் போனதோடு இரத்தக்கசிவும் ஏற்பட்டதை 1998-இலேயே கண்டார்கள். எனவே ஒரு தட்டணு பி செல்லின்மேல் ஒட்டிக்கொண்டு ஓடினால், இயந்திரம் அவ்விரண்டையும் ஒரே நிகழ்வாகப் பதிவு செய்து, பி செல்லுக்கு எஸ்.எல்.பி-76 இருப்பதாகக் காட்டிவிடும்.

ஒட்டி ஓடும் இரட்டைச் செல்களை நீக்கும் வழக்கமான கேட் (தேர்வு எல்லை) இதைப் பிடிக்காது. தட்டணுவின் விட்டம் இரண்டு, மூன்று மைக்ரோமீட்டர்தான். லிம்போசைட்டின் மீது அது ஒட்டியிருந்தாலும் முன்சிதறலின் பரப்புக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் பெரிதாக மாறாது. தட்டணுவுக்குரிய சி.டி.41 அல்லது சி.டி.61-க்கு ஒரு நிறம் ஒதுக்கிப் பாருங்கள். பி செல்களில் ஒளிரும் அந்தப் பகுதி முழுவதும் சி.டி.41-உம் ஒளிர்ந்தால் ஐயம் தீர்ந்தது.

நீங்கள் மாதிரியைக் கொண்டுவரும் முறையும் இதற்குத் துணைபோகிறது. இரத்தத்தைப் பனிக்கட்டியில் வைத்தால் தட்டணுக்கள் உருமாறித் தாமாகவே கிளர்ச்சியடைகின்றன. மேலே ஏற்காடு, கீழே அடிவாரம், இடையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அந்தக் குலுக்கலும் சேர்ந்துகொள்கிறது. கிளர்ந்த தட்டணுவின் பி-செலக்டின், வெள்ளணுவின் மேலுள்ள பி.எஸ்.ஜி.எல்-1-ஐப் பற்றுகிறது. இந்தப் பிடிப்புக்குக் கால்சியம் தேவை. ஹெப்பாரின் கால்சியத்தை விட்டுவைக்கிறது, உறைவைத் தடுக்கும் மற்றொரு பொருளான ஈ.டி.டி.ஏ அதைக் கவர்ந்துகொள்கிறது. ஆகவே மொத்தப் புரதத்தை மட்டும் அளக்கும் குழாயை ஈ.டி.டி.ஏ-வில் எடுத்தால் ஒட்டிய தட்டணுக்களில் பெரும்பாலானவை விலகிவிடும். தூண்டுதலுக்கு உரிய குழாய் ஹெப்பாரினிலேயே இருக்கட்டும். டி செல்லின் சமிக்ஞைக்குக் கால்சியம் வேண்டும்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. லிம்போசைட்டுகளைவிட மோனோசைட்டுகளின் மேல் தட்டணுக்கள் மிக எளிதாக ஒட்டும். உங்கள் மோனோசைட்டுகள் “நன்றாக ஒளிர்கின்றன” என்று எழுதியிருக்கிறீர்கள். அவற்றுக்குச் சொந்தமாகவும் எஸ்.எல்.பி-76 உண்டு. ஆனால் அந்த ஒளியில் எவ்வளவு மோனோசைட்டினுடையது, எவ்வளவு அதன்மேல் ஒட்டிய தட்டணுவினுடையது என்று பிரிக்காமல் எண்ணை எழுதிவிட்டால், முதியவர்களிடம் தட்டணுக்கள் சற்றுக் கூடுதலாகக் கிளர்ந்திருந்தாலே போதும், மோனோசைட்டில் அடாப்டர் புரதம் பெருகியிருக்கிறது என்ற தவறான முடிவு அச்சேறிவிடும். அதைப் படிக்கும் இன்னொருவர் அதன்மேல் தம் ஆய்வைக் கட்டுவார்.

டி செல்லிலும் இந்தக் கவனம் தேவை. ஆனால் டி செல்லின் சொந்த ஒளியே மிகுதி என்பதால் அங்கே பாதிப்பு குறைவு.

பதில் 3: அம்மாபேட்டை வேதியியல்

நிறங்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

பி.இ என்பது கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் ஒரு புரதம். அதன் மூலக்கூற்று எடை சுமார் 240 கிலோடால்டன். அதைச் சுமக்கும் எதிர்ப்பொருளே 150 கிலோடால்டன்தான். அதன் ஒளி, புரதத்தின் மடிப்புக்குள் பாதுகாக்கப்பட்டிருக்கும் நிறமிகளிலிருந்து வருகிறது. மெத்தனால் அந்த மடிப்பைக் குலைத்தவுடன் ஒளி போய்விடுகிறது. ஏ.பி.சி-யும், பி.இ-யையோ ஏ.பி.சி-யையோ அடிப்படையாகக் கொண்ட இரட்டைச் சாயங்களும் இதே வகை. அலெக்சா ஃப்ளோர் 488, அலெக்சா ஃப்ளோர் 647, எஃப்.ஐ.டி.சி ஆகியவை சிறிய கரிமச் சாயங்கள். மெத்தனால் அவற்றைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. ஆகையால் சி.டி.19-பி.இ எதிர்ப்பொருள் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். மெத்தனாலை முழுவதும் கழுவி நீக்கிய பிறகு அதை இட்டால் பி.இ நன்றாகவே ஒளிரும். அப்போது பார்க்க வேண்டியது வேறொன்று: மெத்தனால் செல்லின் மேற்பரப்புப் புரதங்களின் வடிவத்தையும் மாற்றுவதால், சில குளோன்கள் தம் இலக்கை அடையாளம் காணாமல் போகும். ஒவ்வொரு மேற்பரப்பு எதிர்ப்பொருளையும் மெத்தனாலுக்கு முன், பின் என இரு வகையிலும் சோதித்து, பின்னும் பற்றுகின்ற குளோனைத் தேர்ந்தெடுங்கள்.

மெத்தனாலே வேண்டாம், சப்போனினே போதும் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். எஸ்.எல்.பி-76-இன் முன்பகுதியில் 113, 128, 145 ஆகிய மூன்று டைரோசின்கள் உள்ளன. பாஸ்பேட் ஏறியவுடன் 113, 128 ஆகிய இடங்களில் வாவ்-1, நிக் ஆகிய புரதங்களும், 145-இல் இட்க் கைனேஸும் வந்து அமர்கின்றன. ஃபார்மால்டிஹைடு அவற்றை அப்படியே குறுக்காகப் பிணைத்துவிட்டால், நீங்கள் தேடும் 128-ஆம் இடம் அந்தக் கூட்டத்துக்குள் மறைந்திருக்கும். சப்போனின் சவ்வில் வழி உண்டாக்குகிறதே தவிர அந்தக் கூட்டத்தைப் பிரிப்பதில்லை. மெத்தனால் புரதங்களின் மடிப்பைத் தளர்த்தி அந்த இடத்தை வெளிக்கொணர்கிறது. பாஸ்பேட் ஏறிய அடாப்டர்களுக்கு மெத்தனால் முறையே ஏற்றது என்பது என் கருத்து. அதே காரணத்தால் ஃபார்மால்டிஹைடில் செல்களை அளவுக்கு மீறி நேரம் விட்டுவைக்கவும் கூடாது.

பாஸ்பேட் எதிர்ப்பொருளுக்கு நீங்கள் தேர்ந்தெடுத்த 488 நிறம் இந்த வேலைக்குப் பொருந்தாது. ஃபார்மால்டிஹைடு இட்ட செல்கள் தாமாகவே பச்சை ஒளியை வெளியிடுகின்றன. மோனோசைட்டும் நியூட்ரோஃபிலும் இன்னும் கூடுதலாக. பாஸ்பேட் ஏறிய எஸ்.எல்.பி-76-இன் மாற்றம் பொதுவாகச் சிறியது. அந்தப் பச்சைப் பின்னணிக்குள் அது மூழ்கிவிடும். உங்களிடம் உள்ள சிவப்பு லேசரை இதற்கென்றே ஒதுக்கி, அலெக்சா ஃப்ளோர் 647 பிணைத்த அதே குளோனை வாங்குங்கள். செல்லின் தன்னொளி சிவப்பில் மிகக் குறைவு. செல்லில் ஏராளமாக இருக்கும் சி.டி.4 போன்றவற்றுக்குப் பச்சை போதும். மங்கலான இலக்குக்குத்தான் நல்ல நிறத்தைத் தர வேண்டும்.

எதிர்ப்பொருளின் அளவையும் குப்பியில் எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்யாமல், உங்கள் செல் எண்ணிக்கைக்கு ஏற்பப் படிப்படியாக நீர்த்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். உள்செல் இலக்குகளில் எதிர்ப்பொருள் மிகுந்தால் இலக்கல்லாத இடங்களிலும் ஒட்டி, பின்னணி உயர்ந்துவிடும். எந்த எதிர்ப்பொருளின் வாலையும் பற்றக்கூடிய மோனோசைட்டின் எஃப்.சி ஏற்பிகளை மனித ஐ.ஜி.ஜி கொண்டு அடைப்பதையும் மறவாதீர்கள்.

கேள்வி கேட்டவர்: அஸ்தம்பட்டி ஆய்வு மாணவி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தட்டணு பற்றிய விளக்கம் நான் சிறிதும் எதிர்பாராதது. சி.டி.61 எதிர்ப்பொருள் பக்கத்து ஆய்வகத்தில் இருக்கிறது. அதைப் பெற்றுச் சோதிக்கிறேன். சாயத்தை மாற்றுவதற்கும் துறைத் தலைவர் ஒப்புக்கொண்டார்.

இப்போது எஞ்சியிருப்பது ஒரு கேள்வி. பயணத்தையே தவிர்த்து, மலையிலேயே தூண்டி, மலையிலேயே நிலைநிறுத்திக் கொண்டுவர முடியுமா? எங்கள் முகாம் நடக்கும் இடத்தில் மின்சாரமும் ஒரு சிறிய மையவிலக்குப் பொறியும் கிடைக்கும். மார்கழி, தை மாதக் காலைகளில் அங்கே கடுங்குளிர் இருக்கும். சேலத்து வெயிலுக்குப் பழகிய எங்கள் செய்முறை அந்தக் குளிரில் மாறிவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

பதில் 4: சூரமங்கலம் சைட்டோமெட்ரி

முடியும்; அப்படித்தான் செய்ய வேண்டும் என்றும் சொல்வேன். மொத்தப் புரதம் சில மணி நேரத்தில் பெரிதாக மாறாது. பாஸ்பேட் நிலையோ நரம்பிலிருந்து இரத்தம் வெளியேறிய கணத்திலிருந்து மாறிக்கொண்டே இருக்கும். பயணத்துக்கு முன்பே அதை நிறுத்திவிட்டால், கீழே வந்து சேர எவ்வளவு நேரமானாலும் பாதகமில்லை.

முழு இரத்தத்தில் ஃபார்மால்டிஹைடை நேரடியாக ஊற்றினால் சிவப்பணுக்களும் இறுகி நின்றுவிடும். பிறகு அவற்றை நீக்குவது பெரும்பாடு. சிவப்பணுக்களைச் சிதைத்துக்கொண்டே வெள்ளணுக்களை நிலைநிறுத்தும் கலவைக் கரைசல்கள் கிடைக்கின்றன. இரத்தத்தின் கன அளவைப்போல் இருபது மடங்கு கரைசலை 37 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்து, தூண்டுதல் நேரம் முடிந்த நொடியில் சேர்த்து, பத்துப் பன்னிரண்டு நிமிடம் அதே வெப்பத்தில் வைக்க வேண்டும். கரைசல் குளிர்ந்திருந்தால் சிவப்பணுக்கள் முழுமையாகச் சிதையாது. நீங்கள் அஞ்சும் ஏற்காட்டுக் குளிர் இந்த இடத்தில்தான் கெடுதல் செய்யும். இரத்தம், தூண்டும் எதிர்ப்பொருள், அவிடின், கரைசல் ஆகிய அனைத்தும் 37 டிகிரிக்கு வந்த பிறகே கடிகாரத்தைத் தொடங்குங்கள். காற்றின் வெப்பநிலையை நம்பாமல், குழாய்க்குள் வெப்பமானியை வைத்துச் சரிபாருங்கள். உலோகத் துளைகள் கொண்ட உலர் சூடேற்றி, தண்ணீர்த் தொட்டியைவிட மலையில் எளிது.

நிலைநிறுத்தியதும் மையவிலக்கில் சுழற்றி, கழுவி, புரதம் கலந்த தாங்கல் கரைசலில் குளிர்ப்பெட்டியில் வைத்து அன்றே சேலத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மெத்தனாலை மலையில் சேர்க்க வேண்டாம். எளிதில் தீப்பற்றும் நச்சுத் திரவத்தை வண்டியில் வைத்துக்கொண்டு அந்தச் சாலையில் இறங்குவதை நான் விரும்பவில்லை. ஆய்வகத்துக்கு வந்தபின் பனிக்குளிர் மெத்தனாலில் இட்டு, உறைபெட்டியில் சேமித்து, எல்லா மாதிரிகளும் சேர்ந்தபின் ஒரே நாளில் நிறமிடலாம். ஃபார்மால்டிஹைடு கலந்த கழிவைத் திரும்பக் கொண்டுவர மூடியுள்ள கேன் எடுத்துச் செல்லுங்கள். அது அங்குள்ள ஓடைகளுக்குப் போகக் கூடாது.

ஒவ்வொரு முகாமிலும் உங்கள் குழுவைச் சேர்ந்த ஒரே நலமான நபரின் இரத்தத்தையும் உடன் வைத்துத் தூண்டுங்கள். அவருடைய அளவீடு முகாமுக்கு முகாம் ஏறி இறங்கினால், மாறுவது முதியவர்களின் டி செல் அல்ல, உங்கள் செய்முறை என்று தெரிந்துவிடும். முதல் ஒத்திகைகளுக்கு, ஆய்வகத்தில் வளர்க்கப்படும் டி செல் வழியான ஜுர்காட் செல்களே போதும்; புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தில் அவை கிடைக்கின்றன. எஸ்.எல்.பி-76 இல்லாத ஜே14 என்னும் ஜுர்காட் வழித்தோன்றலை யாரேனும் பகிர முன்வந்தால், இரண்டு எதிர்ப்பொருள்களின் தனித்தன்மையையும் அதில் ஒருசேரச் சோதித்துவிடலாம்.

பதில் 5: ஃபேர்லேண்ட்ஸ் நோய்க்குறியியல்

இன்னும் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நாள்பட்ட லிம்போசைட்டிக் லுகேமியா என்னும் இரத்தப் புற்றுநோயில் ஜாப்-70-ஐ ஒளிர் எதிர்ப்பொருளால் அளப்பது 2003 முதல் பெரிதும் பேசப்பட்டது. இருபது விழுக்காட்டுக்கு மேல் ஒளிர்ந்தால் நேர்நிலை என்று ஒரு கோடும் போட்டார்கள். ஆனால் குளோனும் சாயமும் நிலைநிறுத்தும் முறையும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபட்டதால், ஒரே நோயாளியின் இரத்தத்துக்கு இரண்டு இடங்களில் இரண்டு விடைகள் கிடைத்தன. ஒளிரும் செல்களின் விழுக்காட்டை எழுதும் பழக்கத்தை நீங்கள் மேற்கொள்ள வேண்டாம். பாஸ்பேட் ஏற்றம் டி செல் கூட்டம் முழுவதிலும் சிறிதாக நகரும் மாற்றம். அதற்கு இடைநிலை ஒளிச்செறிவை எடுத்து, அதே நபரின் தூண்டாத குழாயோடு விகிதமாகக் காட்டுவதே முறை. கூடவே மொத்த எஸ்.எல்.பி-76-இன் அளவையும் தாருங்கள். பாஸ்பேட் குறைந்தது புரதமே குறைந்ததாலா, இருக்கும் புரதத்தின்மேல் கைனேஸ் சரியாக இயங்காததாலா என்பதை அதைக்கொண்டே பிரிக்க முடியும்.

முதுமையில் டி செல்களின் கலவையே மாறுகிறது. புதிய செல்கள் குறைந்து நினைவுச் செல்கள் பெருகுகின்றன, சி.டி.8 வகையில் சி.டி.28 இழந்த செல்கள் கூடுகின்றன. முதியவரின் மொத்த டி செல்லையும் இளையவரின் மொத்த டி செல்லையும் நேராக ஒப்பிட்டால், ஒரு செல்லின் சமிக்ஞை மந்தமானதா, அல்லது வேறு வகைச் செல்கள் மிகுந்ததால் சராசரி நகர்ந்ததா என்று தெரியாது. பச்சையில் சி.டி.4, பி.இ-யில் புதிய செல்களை நினைவுச் செல்களிலிருந்து பிரித்துக் காட்டும் சி.டி.45ஆர்.ஏ, சிவப்பில் பாஸ்பேட் ஏறிய எஸ்.எல்.பி-76 என்று அமைத்தால் உங்கள் இரண்டு லேசர் இயந்திரத்திலேயே இதைப் பார்த்துவிடலாம். நீல லேசரில் இன்னும் ஒரு நிறத்துக்கு இடமிருக்கும். மெத்தனாலைக் கழுவி நீக்கிய பிறகு இடுவதாக இருந்தால், அதைத் தட்டணுவின் சி.டி.61-க்குக் கொடுங்கள்.